நான்கு விரல் உயர்த்திய ஜீப்

1

கப்பல் எங்களைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு இந்தத் தையோடு ஒன்பது ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு தையிலும் அந்த நாளை நினைத்து எதையாவது எழுதி உங்களுக்கு அனுப்புவது என் வழக்கம். மலேசியாவில், பேராக்கில் இருக்கும் பழைய தோட்டத்து நண்பர்களான நீங்கள் அதைப் படித்துவிட்டு, ஊர் பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டுப் பதில் எழுதுவது உங்கள் வழக்கம். அந்தக் கேள்வியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் பேராக்கில் பிறந்தவன். பள்ளிக்கூடம் அங்கே, கல்யாணம் அங்கே, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் அங்கே. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கிடையாது என்று ஆனபோது எழுபதாம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பல் ஏறினோம். துறைமுகத்து மேசையில் இருந்தவர் என் பெயருக்கு எதிரே 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதினார். அதற்கு முன் ஒரு நாளும் பார்த்திராத இடத்துக்கு ஒருவன் எப்படித் திரும்ப முடியும் என்று கேட்டேன். வரிசையில் அடுத்தவரை வரச் சொன்னார்.

என் மனைவி சரோஜா தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளில் சிலரை அவள்தான் கையில் ஏந்தியிருப்பாள். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே எங்களுக்குச் சோறு போட்டது. ஜவ்வாது மலை மேல் ஒரு தொண்டு மருத்துவமனைக்கு மருத்துவச்சி தேவைப்பட்டாள். தங்க வீடும் கொடுத்தார்கள். எனக்கு அடிவாரத்தில், ஒடுகத்தூரில், ஓர் அரிசி ஆலையில் கணக்கு வேலை கிடைத்தது. அவள் பிழைப்பு மேலே, என் பிழைப்பு கீழே. எங்கள் பக்கத்துக்குப் பேருந்து கிடையாது. ஆகவே பட்டாளம் ஏலத்தில் கழித்துக்கட்டிய பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். தினமும் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறேன்.

இந்த ஆண்டுக் குறிப்பு முழுக்க முழுக்க அந்த ஜீப்பின் உயரத்தைப் பற்றியது. இதையெல்லாமா எழுதுவது என்று நினைப்பீர்கள். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

2

மகன் சேகர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறான். அவனுக்குக் குடியுரிமையும் நீல அட்டையும் கிடைத்துவிட்டதால் வரமாட்டேன் என்று நின்றுகொண்டான். முதல் இரண்டு ஆண்டுகள் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினான். பிறகு ஒரு பக்கமாயிற்று. இப்போது தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த வரிகளுக்குக் கீழே கையெழுத்து மட்டும். சரோஜா அதையும் அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

மகள் விமலா இங்கே வந்தபோது விவரம் தெரியாத குழந்தை. அவளுக்குப் பேராக் என்றால் கப்பலில் கொடுத்த ரொட்டி மட்டும்தான் ஞாபகம். கப்பலில் என்னை அப்பா என்று கூப்பிட்டவள், மலையேறிய மறு ஆண்டே நைனா என்றாள். வீட்டை வூடு என்கிறாள். நான் சாலையைச் சடக்கு என்று சொல்லிவிட்டால் அவளுடைய தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இவள் எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஒரு பிள்ளை கடல் தாண்டி விலகிப் போயிற்று. இன்னொன்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே விலகிப் போகிறது. எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலை மேல் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. எழுபத்தெட்டு ஜூனில் விமலாவை ஒடுகத்தூரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தேன். தினமும் மலையிலிருந்தா வரப்போகிறாள், விடுதியில் சேர்த்துவிடுங்களேன் என்று தலைமையாசிரியை அன்றைக்கே சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். சரோஜா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒன்ன அங்க விட்டாச்சு. இன்னொன்ன இங்க விட மாட்டேன். உங்க வண்டி எதுக்கு இருக்கு?" என்றாள்.

வண்டி இருந்தது. ஆனால் வழியில் குறுக்குப்பாறையும் இருந்தது.

மலைப்பாதையின் பாதியில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. ஓடைக்கு நடுவே, இரண்டு சக்கரத் தடங்களுக்கும் இடையில், முதலை முதுகு போல ஒரு பாறை. உடைக்கலாமே என்று கேட்பீர்கள். அதை உடைத்தால் கரையோடு வழியும் சரிந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் தடங்களில் கிடக்கும் கல் அடித்துக்கொண்டு போய்விடும். பாறை அப்படியே நிற்கும். ஊர்க்காரர்கள் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டி மறுபடி நிரப்புவார்கள். அடுத்த மழைக்கு அதுவும் போகும். தடம் தாழத் தாழ ஜீப்பின் வயிறு பாறையில் உட்காரும். கியர் பெட்டிக்கு அடியில் இருக்கும் தகடு பாறையில் அறையும் சத்தத்தை நான் தூக்கத்தில்கூடக் கேட்பேன். பாரம் குறையட்டும் என்று விமலா தினமும் அங்கே இறங்கி ஓடையை நடந்து கடப்பாள். மழை நாளில் முழங்கால் வரை நனைந்த பாவாடையோடு வகுப்பில் உட்காருவாள். வண்டி சிக்கிக்கொண்டால் அன்று தாமதம். ஆவணி பிறப்பதற்குள் தலைமையாசிரியை என்னை இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

தீர்மானம் எளிமையானது: வண்டியை உயர்த்த வேண்டும், பெண் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். எப்படி உயர்த்துவது என்பதில்தான் ஆவணி முழுவதும் போயிற்று.

3

தோட்டத்தில் நான் மழை அளவு குறித்துவைத்தவன். துரை பங்களாவில் படித்துக் கழித்த மோட்டார் பத்திரிகைகளையெல்லாம் கேட்டு வாங்கி, அட்டை முதல் அட்டை வரை படித்தவன். எனவே ஒடுகத்தூர்ப் பட்டறைக்கு ஆயத்தமாகவே போனேன்.

பட்டறைக்காரர் காதர் பாய்க்கு ஆயத்தம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், ஒசத்தணும் அவ்ளதானே. இதுல கமான் பட்டை அச்சுக்குக் கீழ கெடக்குது. அத்த மேல தூக்கி வெச்சிட்டா ஒரு சாண் ஒசந்துடும். யானை கணக்கா நிக்கும்."

வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த வில்பட்டைகளைத்தான் சொன்னார். யானை போல நிற்கும்; யானை போலவே சாயவும் செய்யும். மலையில் கொண்டையூசித் திருப்பங்கள் இருக்கின்றன. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் சாய்வு மாறிவிடும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவனுக்கு அது சரிப்படலாம். நான் தினமும் ஒரு பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவன் என்றேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தால் முடிந்தது என்றார். லாரியில் பட்டை மேலே, அச்சு கீழே; அங்கே கட்டை வைத்தால் ஏறும். ஜீப்பில் தலைகீழ், கட்டை வைத்தால் இன்னும் இறங்கும். ஆணியால் தரையில் படம் போட்டுக் காட்டினேன். படத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்ப தலகீழா ஓட்டு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறையே சிரித்தது.

பட்டையின் நுனியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் துண்டைச் சாக்கில் என்பார்கள். அதை நீளமாகச் செய்து போடலாம் என்பது பாயின் அடுத்த யோசனை. மலிவு, அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் முன்பக்கம் நீட்டினால், திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. பழைய பட்டைகளையே காய்ச்சி அதிகமாக வளைத்துத் தருவதாக ஓர் உலைக்காரர் சொன்னார். அப்படிக் காய்ச்சிய இரும்பு சில மாதங்களில் துவண்டுவிடும் என்று நான் படித்திருந்தேன். மீதி இருந்தது கூடுதலாகப் பட்டை சேர்ப்பது ஒன்றுதான். அதில் வண்டி விறைப்பாகிவிடும்.

ஒவ்வொரு மாலையும் இதையெல்லாம் வீட்டில் கொட்டினேன். சரோஜா ஒரு நாள் குறுக்கிட்டாள்.

"துரையோட லேண்ட் ரோவர் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். துரை தன் வண்டியைக் காட்டில் ஓட்டுவதற்கென்று பெரிதாக உயர்த்தினார். பால்மரக் காட்டு வழியில் அது போவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஒரு நாள் ஆம்புலன்ஸ் இல்லாமல், மேஸ்திரி வேலை பார்த்த மண்டோரின் மனைவியைப் பிரசவத்துக்கு அதில் ஏற்றப் போனோம். நிறைமாதக்காரிக்குக் கால் எட்டவில்லை. நாற்காலி தேடிக் கொண்டுவருவதற்குள் குழந்தை சடக்கோரத்திலேயே பிறந்துவிட்டது. ஏந்தியவள் சரோஜா.

"பிள்ளத்தாச்சி கால் வைக்கிற ஒசரத்துக்கு மேல எனக்கு வேண்டாம்" என்றாள்.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்திருந்த ஒரு நிறைமாதக்காரியை ஜீப் பக்கத்தில் நிறுத்தி, செங்கல் அடுக்கி, எந்த உயரம் வரை சிரமமில்லாமல் கால் வைக்கிறாள் என்று பார்த்தோம். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கினாள். நான்கு விரல் உயர்த்தலாம் என்று முடிவாயிற்று. குறுக்குப்பாறையைத் தாண்டவும் அதே நான்கு விரல்தான் வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டில் இந்த நாட்டில் இரண்டு கணக்கு ஒத்துவந்தது அந்த ஒரு தடவைதான்.

முன்பக்கம் ஒவ்வொரு பட்டை, பின்பக்கம் இரண்டிரண்டு பட்டை. பாய் வேலையைச் சுத்தமாகச் செய்தார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்:

"பாரம் இருந்தா பட்டு மாதிரி போவும். காலியா வந்தா குதிக்கும் சார். எலும்ப எண்ணிக் குடுத்துடும். அப்பால எங்கிட்ட வரக் கூடாது."

அன்று மாலை விமலா வழக்கம்போலக் குறுக்குப்பாறையில் இறங்கப் போனாள். உட்காரச் சொன்னேன். சக்கரம் தடத்தில் இறங்கி ஏறியது. அடியில் சத்தமே இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத வராது. உங்கள் பிள்ளைகள் எப்போதாவது உங்களை அப்படிப் பார்த்திருந்தால் புரியும்.

4

ஒரு வாரம் தாமதமில்லாமல் பள்ளிக்குப் போனாள்.

எங்கள் ஊர்க் கவுண்டர் பொன்னன் என்பவர். சாமை விதைப்பவர், புளி உலுக்குபவர்; ஊரில் எதற்கும் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வாரக் கடைசியில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். இந்த மலையில் நேற்று வரை பாரமெல்லாம் பொதிமாட்டின் முதுகில்தான் போனது. மாட்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதை அவர்கள் எடை போட்டுப் பார்ப்பதில்லை. முதுகு நிமிர்ந்து நின்றால் இன்னொரு மூட்டை; முதுகு தணிந்தால் நிறுத்திவிடுவார்கள். அது தவறாத கணக்கு, மாட்டுக்கு.

"முதுகு நல்லா நிமிந்து நிக்குது மலேயாக்காரரே. இன்னும் ரெண்டு தாங்கும்" என்றார்.

அது வரைக்கும் சந்தைக்குப் போகிறவர்கள் ஓரிருவர், அவர்களுடைய ஒரு மூட்டை, இப்படித்தான் என்னோடு வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை மூன்று மூட்டை வந்தது. முதுகு இன்னும் நிமிர்ந்தே இருந்ததால் அதற்கு மறுநாள் நான்கு. பட்டைகள் தணிந்து, வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்ததும்தான் அவர்களுக்குத் திருப்தியாயிற்று. இத்தனை ஆண்டாக அவர்கள் பார்த்துப் பழகிய உயரம் அது. நான்கு விரல் உயர்த்தினேன். நான்கு விரலுக்கும் சாமை ஏறிக்கொண்டது. குறுக்குப்பாறையில் தகடு மறுபடி அறைந்தது. விமலா மறுபடி இறங்கி நடந்தாள்.

மறுத்துப் பார்த்தேன். பொன்னன் கோபப்படவில்லை.

"வழி நாங்க போடுறோம், வண்டி நீ உடுற. இதுல இன்னா கணக்கு?" என்றார்.

ஒவ்வொரு மழைக்கும் கல் சுமப்பவர்கள் அவர்கள். அவர்கள் சுமக்காவிட்டால் ஜீப் என் வீட்டு வாசலில் கோழி அடையத்தான் உதவும். எங்களைத் தவிர அந்த மலையில் சக்கரம் வைத்திருப்பவர் யாருமில்லை. இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக நடந்தே இறங்குகிறவளைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போக என்னாலும் முடியாது. ஆனால் நான் பட்டை போட்டது எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

5

படித்தவன் சும்மா இருப்பானா? நாங்கள் வந்த கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கோடு இருந்தது. பாரம் ஏற ஏறக் கப்பல் தாழும். கோடு தண்ணீரைத் தொட்டால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஆயுத பூசைக்கு முந்தின நாள், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டியைத் தொங்கவிட்டு, அதில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன். சக்கரத்தின் உச்சி கோட்டைத் தொட்டால் பாரம் போதும் என்று பொன்னனிடமும் மற்றவர்களிடமும் நிதானமாக விளக்கினேன். அனைவரும் தலையசைத்தார்கள். பூசையன்று யாரோ கோட்டுக்குக் குங்குமம்கூட வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து மூட்டைகள் கோடு வரைக்கும் வந்தன. ஒரு நாள் மூட்டை குறைந்தால், "கோடு இன்னும் தொடல, ஓடியாங்க" என்று ஊருக்குள் கூவி ஆள் சேர்த்தார்கள். எல்லையாகப் போட்டதை அளவாக எடுத்துக்கொண்டார்கள். அதோடு, சக்கரம் கோட்டைத் தொட்ட பிறகு ஆட்கள் ஏறினார்கள். இது என்ன என்றேன்.

"கோடு மூட்டைக்குத்தானே. ஆளுக்கு நீ ஒண்ணும் சொல்லலியே" என்றார் பொன்னன்.

விமலா என்னைப் பார்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, இரண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

6

இதற்கு நடுவே இன்னொரு தலைவலி. வண்டியின் உயரத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்று ஆலை முதலாளி பயமுறுத்தினார். காகிதம் விஷயத்தில் நான் கோழை. ஒரு நாட்டிலிருந்து காகிதத்தால் கிளம்பியவன். மாவட்டத் தலைநகரத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். வண்டியோடு வரச் சொல்லி ஐப்பசியில் ஒரு நாள் குறித்தார்கள்.

ஜீப் பெரிய ஊருக்குப் போகிறது என்ற செய்தி எனக்கு முன்பே மலையெங்கும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழவர், அவரோடு மூன்று பேர், பெரிய சந்தையில் விலை கூட என்று மூட்டைகள். கோடு தொட்ட பிறகு ஆட்களும் ஏறித்தான் கிளம்பினோம்.

அலுவலகத்து வாசலில் இன்ஸ்பெக்டர் டேப்பைப் பிடித்து உயரம் அளந்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"ஒசரம் சரியாத்தான் இருக்குது. இன்னா மாத்தினீங்க?" என்றார்.

நான்கு விரல் உயர்த்தியிருக்கிறேன் என்றேன். டேப்பை என் முகத்துக்கு நேரே காட்டினார். பாரத்தை இறக்கிவிட்டு அளந்து பார்க்கும்படி வேண்டினேன். "எறக்கினா திருப்பி யாரு ஏத்துறது?" என்று பின்னாலிருந்து மூட்டைக்காரர்களில் ஒருவர் கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேள்வி மிகவும் நியாயமாகப் பட்டது. வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன.

மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். எங்கும் திரும்பாதவனைத் திரும்பியவன் என்று ஒரு காகிதம் சொல்கிறது. உயர்த்திய வண்டியை உயர்த்தவில்லை என்று இன்னொரு காகிதம் சொல்கிறது. இரண்டும் ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நான் வண்டியை எடுத்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிழவர் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, கவலைப்படாதே, அரசாங்கமே நல்ல வண்டி என்று சொல்லிவிட்டதே என்றார்.

7

மார்கழி தொடக்கத்தில் அரையாண்டுத் தேர்வு. கணக்குத் தேர்வன்று தூறிக்கொண்டிருந்தது. சாமை அறுப்பு முடிந்து மூட்டைகள் குவிந்திருந்த நேரம். இன்று பெண்ணுக்குப் பரீட்சை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். குறைத்தும் கொண்டார்கள், ஒரு மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மூன்று பேர் ஏறினார்கள்.

குறுக்குப்பாறையில் ஜீப் உட்கார்ந்தது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. தடத்தில் புதிதாகக் கொட்டிய கல்லை இரவு மழை அரித்திருந்தது. ஆட்கள் குதித்தார்கள். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து அக்கரையில் அடுக்கினார்கள். காட்டுக் கம்பை வெட்டி வந்து அடியில் கொடுத்து நெம்பினார்கள். எல்லோரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஒருவர் கால் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. விமலா தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஜியாமெட்ரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்து போகிறேன் என்றாள். போய்ச் சேர முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாங்கள் போனபோது தேர்வு அறையிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

மாலையில் விமலா வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"நைனா, நீ வண்டிய ஒசத்துனது எனக்கா, சாமை மூட்டைக்கா?"

உனக்குத்தான் என்றேன்.

"அப்ப நான் ஏன் நடந்து போறேன்?"

சரோஜா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். விமலா தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்ன ஆஸ்டல்லயே சேத்துடு. எனக்கு அவங்க மேல கோவம் இல்ல. ஒன் மேலயும் இல்ல. எனக்குப் படிக்கணும்" என்றாள்.

இன்னொன்றை விட மாட்டேன் என்று சொன்னவள் பதில் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். சரோஜா பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, கடைசியில், "அங்க குளிக்கச் சுடுதண்ணி கொடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

8

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். கப்பலிலிருந்து நாங்கள் இறங்கிய அதே தேதி. இதை விமலாவிடம் சொன்னேன், சரி என்றாள்.

காலையில் ஜீப்பை எடுத்து நிறுத்தினேன். ஒரு மூட்டைகூட வரவில்லை. சந்தை இல்லையோ என்று பார்த்தால் சந்தை நாள்தான். பொன்னனும் இன்னும் சிலரும் தள்ளி நின்றார்கள். விமலாவின் டிரங்குப் பெட்டியைப் பொன்னனே தூக்கி வைத்தார். மூட்டை எங்கே என்று கேட்டேன்.

"பொண்ணு வூட்ட உட்டுப் போற வண்டியில நாங்க பாரம் ஏத்த மாட்டோம். ஆளும் ஏற மாட்டோம். போற எடத்துல அது அவளுக்குப் பாரமாப் பூடும்" என்றார்.

சரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா, கல்யாணமா பண்ணிக் கொடுக்கிறோம்? வெள்ளிக்கிழமை வந்துடுவா."

"போறது போறதுதானே தாயீ" என்றார் பொன்னன்.

இத்தனை மாதம் அடக்கியதை அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இத்தனை நாளா இந்தப் பொண்ணுதான் இந்த வண்டியில போனா, கவுண்டரே" என்றேன்.

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது போய்ட்டு வர்றது. இது போறது."

அதற்குள் மருத்துவமனை வாசலில் தோளில் சுமந்து வந்த ஒரு டோலியை இறக்கினார்கள். உள்ளே ஒருத்தி வலியில் முனகினாள். சரோஜா மகளின் தலையை ஒரு முறை தடவிவிட்டு உள்ளே ஓடினாள். நாங்கள் கிளம்பினோம்.

குறுக்குப்பாறை வந்தது. விமலா பழக்கத்தில் ஒரு காலை வெளியே எடுத்தாள். பிறகு அவளே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் வரைந்து, அளந்து, செங்கல் அடுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே உயரத்தில் வண்டி தடத்தில் இறங்கி ஏறியது. அவள் வெளியே தலையை நீட்டி அடியில் பார்த்தாள்.

"இடிக்கல நைனா" என்றாள்.

விடுதியில் பெட்டியை இறக்கினேன். வெந்நீரைப் பற்றி விசாரித்தேன். குளிர் நாளில் உண்டு என்றார்கள். விமலா வாசல் வரை வந்தாள். அங்கே ஏற்கெனவே அவளுக்கு இரண்டு தோழிகள் காத்திருந்தார்கள். நான் இருக்கும்போது சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஆலைக் கணக்கை முடித்துவிட்டு மாலையில் திரும்பினேன். வண்டியில் நான் மட்டும். காதர் பாய் சொன்னது சரிதான். எலும்பை எண்ணிக் கொடுத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஜீப் துள்ளியது, பக்கத்து இருக்கை தனியாகக் குதித்து எழுந்து அடங்கியது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலைப்பாதை தொடங்கும் வரை வந்தேன்.

மலை ஏறும் இடத்தில் பொன்னன் நடந்துகொண்டிருந்தார். தலையில் உப்பு மூட்டை. காலையில் எங்கள் வண்டியில் ஏறாமல் சந்தைக்கு நடந்தே இறங்கியிருக்கிறார். நிறுத்தினேன். அவர் நிற்காமல் போனார். உருட்டிக்கொண்டே அவருக்குப் பக்கத்தில் போனேன்.

"ஏறுங்க கவுண்டரே. வரும்போதும் ஏறக் கூடாதா?"

நின்று யோசித்தார். தலையில் மூட்டையோடு வெகுநேரம் யோசித்தார்.

"வரும்போதுக்கு எங்க பெரியவங்க ஒண்ணும் சொல்லி வெக்கல" என்றார்.

மூட்டையை நானே வாங்கிப் பின்னால் வைத்தேன். ஏறுவதற்கு முன் அவர் வழக்கம்போலக் குனிந்து பட்டையைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்துதான் நிற்கிறது, சந்தைக்குப் போனவர்களெல்லாம் வழியில் நடந்துகொண்டிருப்பார்கள் என்றார். எல்லோரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

ஏற்றிக்கொண்டேன். குறுக்குப்பாறைக்கு வரும்போது சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டது. விமலாவின் இடத்தில் ஒருத்தி மடியில் மண்ணெண்ணெய் டின்னோடு உட்கார்ந்திருந்தாள். தகடு பாறையில் அறைந்தது, யாரும் இறங்கவில்லை. வண்டி குதிப்பது மட்டும் நின்றிருந்தது.